பியர்ஸ் ஏலம்: 11 மைல் ஓடிய இம்பாலாவை வாங்கியவர் எதை வாங்கினார்?

2013 செப்டம்பர் 28, 29 ஆகிய இரு நாட்கள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூரில் சுமார் 500 பழைய வண்டிகள் ஏலம் போயின. ஊர் மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. ஏலத்துக்கு வந்த கூட்டம் பத்தாயிரத்துக்கும் மேல். தொலைக்காட்சி கேமராக்களும் வந்து நின்றன. வண்டிகள் அனைத்தும் ரே லாம்பிரெக்ட், மில்ட்ரெட் லாம்பிரெக்ட் தம்பதி நடத்திய செவர்லே டீலர்ஷிப்பின் இருப்பு. 1946இல் தொடங்கி 1996இல் மூடிய கடை அது.

இத்தனை வண்டிகள் சேர்ந்ததற்குக் காரணம் லாம்பிரெக்டின் வியாபார முறைதான். பேரம் கிடையாது, முதலில் சொல்வதே கடைசி விலை. அந்த வருஷ மாடல் விற்காமல் நின்றுபோனால், தள்ளுபடி போட்டுத் தள்ளிவிடாமல் ஓரங்கட்டி வைத்துவிடுவார். மாற்றாக வந்த பழைய வண்டிகளையும் பெரும்பாலும் மறுபடி விற்கவில்லை. அவை ஊருக்கு வெளியே திறந்த வெளியில் மரங்களுக்கு நடுவே கிடந்தன. ஆக 2013இல் ஏலத்துக்கு வந்தவை இரண்டு சாதி: யாருக்கும் விற்கப்படாத, மீட்டரில் ஒற்றை இலக்க, இரட்டை இலக்க மைல் மட்டுமே காட்டிய சுமார் 50 வண்டிகள், மழையிலும் பனியிலும் பல்லாண்டு கிடந்து துருவேறிய மற்றவை.

பரவலாகப் பேசப்பட்ட மூன்று விலைகளைப் பார்க்கலாம். 1.3 மைல் ஓடிய 1958 செவர்லே கேமியோ பிக்கப் 1,40,000 டாலர். 11 மைல் ஓடிய 1963 செவர்லே இம்பாலா கார் 97,500 டாலர். 4 மைல் ஓடிய 1978 கார்வெட் பேஸ் கார் (பந்தயத்தில் முன்னே ஓடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் காரின் மாதிரியில் விற்ற சிறப்புப் பதிப்பு) 80,000 டாலர். மூன்றிலும் எண்ணைப் பார்த்துத்தான் பணம் விழுந்தது. ஆனால் அந்த எண்ணுக்கும் வண்டியின் உடல்நிலைக்கும் உள்ள உறவு மிகவும் பலவீனமானது. கேமியோவின் கூரையே நசுங்கியிருந்தது.

அமெரிக்காவில் பழைய வண்டிகளை மதிப்பிடப் பரவலாகப் பயன்படுவது ஹேகர்ட்டி நிறுவனத்தின் நான்கு படி அளவு. 1 என்றால் போட்டி மேடைக்குரிய நிலை, 2 மிக நேர்த்தி, 3 ஓட்டுவதற்கு நல்ல நிலை, 4 குறைகளோடு ஓடும் வண்டி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பியர்ஸ் இம்பாலா அன்றைக்கு 4ஆம் படிக்கே தகுதி பெறாது, ஏனென்றால் அது ஓடாது. அரை நூற்றாண்டு நின்ற வண்டியில் டயர் வெடித்திருக்கும், பிரேக் செத்திருக்கும், டேங்கில் பிசின் இருக்கும். இருந்தும் 1ஆம் படி விலைக்கு மேலே போனது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குவது எளிது. வாங்கியவர்கள் வேறொரு பொருளுக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதே சரி: தொழிற்சாலை 1963இல் ஒரு இம்பாலாவை எப்படிப் பூட்டியது என்பதற்கான கெடாத சாட்சி. போல்ட்டின் பூச்சு, ரேடியேட்டர் ஹோஸ் கிளாம்ப், சோதனைப் பணியாளர் சாக்கட்டியாலும் வண்ணத்தாலும் போட்ட குறி, பாடிக்கு அடியில் பெயின்ட் தெறித்த விதம். புதுப்பித்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் இவை யாரோ ஒருவருடைய ஊகம்தான்.

விலையின் இன்னொரு பகுதி ஒரு காகிதம். விற்கப்படாத வண்டிக்கு டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், கிடையாது; உற்பத்தியாளர் கொடுக்கும் பிறப்புச் சான்று மட்டும் இருக்கும். எம்எஸ்ஓ என்பார்கள். பியர்ஸில் பல வண்டிகள் இந்தச் சான்றோடு வந்தன. வாங்கியவர் தன் பெயருக்குப் பதிவு செய்யப்போனால் மாநில அலுவலகம் எம்எஸ்ஓவை வாங்கிக்கொண்டு டைட்டில் கொடுக்கும். அந்த நொடியே சட்டப்படி அது ‘புது’ வண்டி அல்ல. பதிவு செய்யாவிட்டால் சாலையில் ஓட்ட முடியாது. ஆகவே எம்எஸ்ஓ உள்ள வண்டியை வாங்குகிறவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: ஓட்டவா, வைக்கவா? இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு வண்டி வாங்குவதே மலிவு.

கணக்கைக் கொஞ்சம் கறாராகப் பார்ப்போம். 1978 பேஸ் காரின் பட்டியல் விலை 13,653 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்தால் 2013இல் அது கிட்டத்தட்ட 49,000 டாலர். 35 ஆண்டுகள் இடம் கொடுத்து வைத்திருந்ததற்குக் கிடைத்த உண்மையான லாபம் சுமார் 31,000. முதலீடு என்று பெருமையாகச் சொல்ல முடியாத தொகை. அதுவும் பியர்ஸ் என்ற பெயர் இருந்ததால் கிடைத்தது. செவர்லே 6,502 பேஸ் கார்களைச் செய்தது. பிற்காலத்தில் விலை ஏறும் என்று நம்பி வாங்கி மூடிவைத்தவர்கள் ஏராளம். அதனால் குறைந்த மைல் ஓடிய பேஸ் கார் அபூர்வமே அல்ல. கேமியோ அப்படியல்ல. 1958 மாடல் 1,405 மட்டுமே உருவாகி, அதே ஆண்டில் ஃப்ளீட்சைடு பிக்கப் அதன் இடத்தைப் பிடித்தது. தவிர, பிக்கப்பை யாரும் பொக்கிஷமாகப் பூட்டிவைப்பதில்லை, உழைப்புக்குத்தான் வாங்குவார்கள். ஓடாத கேமியோவுக்கு ஈடான இன்னொரு வண்டி சந்தையில் இல்லாமல் போனது அதனால்தான்.

இம்பாலா நடுவில் நிற்கிறது. 1963இல் வி8 இம்பாலாவின் அடிப்படை விலை சுமார் 2,800 டாலர். 2013 மதிப்பில் 21,000 சொச்சம். ஏல விலை அதைப்போல நாலரை மடங்கு. இம்பாலா லட்சக்கணக்கில் விற்ற குடும்ப வண்டி, உதிரிபாகத்துக்குப் பஞ்சம் கிடையாது, நேர்த்தியாகப் புதுப்பித்தவை எப்போதும் சந்தையில் இருக்கும். 97,500க்கும் நல்ல புதுப்பித்த வண்டியின் விலைக்கும் உள்ள இடைவெளி முழுக்க முழுக்கத் தொடாமைக்கான விலை. தொட்டால் அந்த இடைவெளி கரைந்துபோகும்.

11 மைல் என்பதை எப்படி நம்புவது

பியர்ஸில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. டீலரே கடைசி வரை உரிமையாளர். ஆனால் இதே கதையைச் சொல்லிக்கொண்டு வேறு வண்டிகள் சந்தைக்கு வரும்போது சோதித்தே ஆக வேண்டும். 1963 செவர்லேயின் ஓடோமீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 1,00,011 மைல் ஓடினாலும் 11 என்றே காட்டும். பிரேக் பெடல் ரப்பரின் மூலை, ஓட்டுநர் பக்கக் கதவுக் கீல், இக்னிஷன் சாவித் துளையைச் சுற்றிய கீறல், பிரேக் டிரம்மின் உட்பரப்பு, இந்த நான்கும் பொய் சொல்லாது.

அடுத்து எண்கள். 1963 வின் எண் (வண்டியின் அடையாள எண்) 31847 என்று தொடங்கினால் 3 ஆண்டு, 18 வி8 எஞ்சின் கொண்ட இம்பாலா, 47 இரண்டு கதவு ஸ்போர்ட் கூப்பே. ஆறு சிலிண்டர் இம்பாலாவுக்கு 17. பின்னால் வரும் எழுத்து தொழிற்சாலை. ஜே என்றால் ஜேன்ஸ்வில். வி8 என்று தெரியுமே தவிர எஞ்சின் அளவு 283ஆ, 327ஆ, 409ஆ (கன அங்குலம்) என்று வின் எண்ணிலிருந்து தெரியாது. விற்பவர்கள் விளையாடும் இடம் இதுதான். அந்தக் கால இம்பாலா எஞ்சினில் வண்டியின் வரிசை எண்ணைப் பொறிக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே ‘எண் பொருந்தும் எஞ்சின்’ என்று 1963 இம்பாலாவுக்கு யாராவது விளம்பரம் கொடுத்தால் என்ன எண், எதோடு பொருந்துகிறது என்று கேளுங்கள்.

கையில் இருப்பது தேதிகள் மட்டும். எஞ்சின் பிளாக்கின் வார்ப்புக் குறியில் எழுத்து மாதம், அடுத்தது நாள், கடைசி இலக்கம் ஆண்டு. சி 12 3 என்றால் 1963 மார்ச் 12. வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் உள்ள தட்டையான பரப்பில் எஞ்சின் கூட்டிய தேதியும் வகைக் குறியும் பொறித்திருக்கும். எஞ்சினுக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் சுவரில் இருக்கும் ஃபிஷர் பாடி (பாடி கூட்டிய பிரிவு) தகட்டில் 03சி என்றிருந்தால் பாடி மார்ச் மூன்றாம் வாரம் கூட்டியது. வார்ப்பு முதலில், எஞ்சின் கூட்டல் பிறகு, பாடி அதற்கும் சில நாள், சில வாரம் கழித்து. இந்த வரிசை தலைகீழானால் எஞ்சின் பின்னால் வந்தது.

பெயின்ட்டை மைக்ரான் கருவியால் அளக்க வேண்டும். அந்தக் கால ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களில் அக்ரிலிக் லாக்கர். மேலே தெளிபூச்சு கிடையாது. தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 75 முதல் 125 மைக்ரான் காட்டும். 250ஐத் தாண்டினால் மறுபூச்சு, 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி. கருவி காந்த வகையாக இருந்தால் கார்வெட்டிலும் கேமியோவின் பக்கவாட்டுப் பலகையிலும் வேலை செய்யாது. அவை ஃபைபர்கிளாஸ், அல்ட்ராசவுண்ட் வகை வேண்டும்.

நின்றே கெட்டுப்போவது எப்படி

ஓடாத வண்டி தேயாது. ஆனால் ரப்பர், எண்ணெய், திரவம், இரும்பு நான்கும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கெடும். எஞ்சினில் ஏதாவது சில வால்வுகள் எப்போதும் திறந்த நிலையில்தான் நிற்கும். அந்த சிலிண்டர்களுக்குள் ஈரக்காற்று போய், பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் வளையமாகத் துரு பிடிக்கும். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; அந்த ஈரம் வீல் சிலிண்டரின் உள்ளே துரு ஏற்றி வார்ப்பிரும்பில் குழி போடும். பெட்ரோல் ஆவியாகி டேங்க் அடியில் பழுப்பு வார்னிஷாக உறையும். டயர் நின்ற இடத்தில் தட்டையாகி அப்படியே இறுகிவிடும்.

எல்லாவற்றையும் விடக் கெடுதல் எலி. ஹீட்டர் பெட்டிக்குள், சீட்டின் பஞ்சுக்குள், கூரைத் துணிக்கு மேலே கூடு கட்டும். அதன் சிறுநீர் தரைத் தகட்டை மேலிருந்து அரிக்கும். கீழே படுத்துப் பார்த்தால் தெரியாது. நெப்ராஸ்கா போன்ற சமவெளி மாநிலங்களில் மான் எலி ஹான்டா வைரஸைச் சுமக்கக்கூடியது, மனிதருக்கு வந்தால் நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுக்கும். எனவே கொட்டகையிலிருந்து வந்த வண்டியின் கதவைத் திறந்தவுடன் வாக்குவம் போடுவதோ பெருக்குவதோ கூடாது. கதவுகளைத் திறந்துவைத்து அரைமணி நேரம் விலகி நில்லுங்கள். கையுறையும் என்95 முகமூடியும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூட்டை நனைத்து, ஐந்து நிமிடம் ஊறிய பின் காகிதத் துண்டால் எடுத்துப் பையில் கட்டுங்கள். பிளீச் துணியின் நிறத்தை உறிஞ்சும் என்பதால் சீட்டுக்கு மட்டும் வீட்டுக் கிருமிநாசினி போதும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏலத்துக்குப் பிறகு பியர்ஸ் தூசியைக் கழுவாமலே காட்சிக்கு வைத்தவர்கள் உண்டு. ஒரு பருவம் காட்சிக்கு வைத்துவிட்டுக் கழுவுவதே நல்லது. தூசி ஈரத்தைப் பிடித்துவைக்கும், குரோமியத்தில் புள்ளி விழும். கழுவும் முன் ஒவ்வொரு பரப்பையும் படம் எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரால் தூசியை மிதக்கவிட்டு இறக்க வேண்டும். உலர் துணி பட்டால் லாக்கரில் ஆயிரம் கீறல். மெஷின் பாலிஷ் வேண்டவே வேண்டாம். விளிம்புகளில் பூச்சு மெல்லியது, ஒரு சுற்றிலேயே பிரைமர் எட்டிப்பார்க்கும்.

கேமியோவின் நசுங்கிய கூரை தனிச் சங்கதி. உள்ளிருந்து மெதுவாக அழுத்தித் தள்ளினால் பெரும்பகுதி வெளிவரும், ஆனால் வயதான பூச்சு வளையாது. தகடு திரும்பும் இடத்தில் சிலந்திவலை போல் விரிசல் விடும். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் நிறம் பொருந்தாது, கூரை முழுக்க அடித்தால் 1.3 மைல் வண்டியின் அசல் பூச்சு போயிற்று. அப்படியே விடுவதுதான் லாபம். கண்ணுக்கு உறுத்தும், பரவாயில்லை.

எழுப்பும் வரிசை

ஓட்டுவது என்று முடிவானால் சாவியைத் திருப்பும் ஆசையை முதலில் அடக்க வேண்டும். பெரும்பாலான சேதம் எஞ்சினைச் சுழற்றும் முதல் ஐந்து வினாடியில்தான் நடக்கிறது.

எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, போர்ஸ்கோப் கேமராவால் ஒவ்வொரு சிலிண்டரையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 30 மில்லி ஊடுருவும் எண்ணெய், இரண்டு மூன்று நாள் ஊறட்டும். பிறகு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: 283 எஞ்சின்கள் பலவற்றிலும் தொடக்ககால 327 சிலவற்றிலும் கிராங்க் தண்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) முனையில் போல்ட் துளையே கிடையாது. சாக்கெட் போட வழியில்லை. ஃப்ளைவீல் மூடியைக் கழற்றி, பல் சக்கரத்தில் திருப்புக் கருவி கொடுத்து முன்னும் பின்னும் சில டிகிரி அசைக்க வேண்டும். இறுகினால் நிறுத்திவிட்டு இன்னும் ஊறவிடுங்கள். நெம்பினால் ரிங் உடையும்.

கிராங்க் சுற்றத் தொடங்கியதும் வால்வு மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு வால்வும் இறங்கி முழுதாக மேலே வருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்று சிக்கி நின்றால் வால்வை இயக்கும் புஷ்ராடு கம்பி வளையும், மோசமானால் பிஸ்டன் வந்து இடிக்கும்.

அடுத்தது எண்ணெய் அழுத்தம். டிஸ்ட்ரிபியூட்டரை நிலை குறித்துவிட்டு வெளியே எடுத்து, அதே துளையில் பிரைமிங் தண்டை இறக்கி டிரில்லால் வலச்சுற்றாகச் சுற்றுங்கள். சாதாரணக் கம்பி போதாது. டிஸ்ட்ரிபியூட்டர் உடல் போன்ற உறை உள்ள தண்டு வேண்டும். ஸ்மால் பிளாக்கில் (283, 327 அடங்கிய எஞ்சின் குடும்பம்) எண்ணெய்ப் பாதையின் ஒரு பக்கத்தை அந்த உடல்தான் அடைக்கிறது, அது இல்லாவிட்டால் பாதி லிஃப்டர்களுக்கு எண்ணெய் சேராது. இடையிடையே கிராங்கைக் கால் சுற்று திருப்பி, பதினாறு ராக்கரிலும் எண்ணெய் கசியும் வரை விடாதீர்கள்.

இந்த எஞ்சின் பழக்கப்படாத எஞ்சின் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 11 மைலில் கேமும் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) அதன் மேல் உரசும் லிஃப்டரும் ஒன்றுக்கொன்று பதிந்திருக்காது. ஆகவே புதிதாகக் கட்டிய எஞ்சினை நடத்துவது போலவே நடத்த வேண்டும்: துத்தநாகச் சேர்மானம் 1,200 பிபிஎம் அளவில் உள்ள எண்ணெய், ஃபில்டரோடு சேர்த்து ஐந்து குவார்ட் (சுமார் 4.7 லிட்டர்), ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் மெதுவாக ஓட, விடாமல் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இருபது நிமிடம். இன்றைய பெட்ரோல் கார் எண்ணெயை அப்படியே ஊற்றி ஐடிலில் விட்டால் கேமின் மேடு தேய்ந்துபோகும். அரை நூற்றாண்டு நின்ற எஞ்சினை அரை மணியில் கெடுக்கும் வழி அது.

முதல் ஓட்டத்துக்கு வண்டியின் டேங்க் வேண்டாம். தனி கேனிலிருந்து பெட்ரோல். பழைய ஃபியூயல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் எண்ணெய்ச் சட்டிக்குள் போகும், டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் வாஷர் காய்ந்திருக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் உண்டு, பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது.

பிரேக்குக்குச் சமரசமே கிடையாது. 1967க்கு முந்தைய செவர்லேக்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கும் போகும். அசல் வார்ப்புகளைத் தூக்கியெறியாமல், உள்ளே பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டுத் திரும்பப் பொருத்தலாம். வெளித்தோற்றமும் வார்ப்பு எண்ணும் அப்படியே இருக்கும். டாட் 5 சிலிக்கான் திரவம் ஈரம் உறிஞ்சாது, அதிகம் ஓடாத வண்டிக்கு ஏற்றது. ஆனால் பழைய டாட் 3 வகைப் பிரேக் திரவம் துளிகூட மிச்சமில்லாமல் எல்லா ரப்பரும் புதிதாக இருந்தால் மட்டுமே.

கழற்றிய ஒவ்வொன்றும், அசல் பிளக், ஹோஸ், பெல்ட், கிளாம்ப், ஐந்து டயர் உட்பட, துண்டுச் சீட்டில் எங்கிருந்து எடுத்தது என்று எழுதிப் பையில் போட்டு வண்டியோடு கூடவே போக வேண்டும். அடுத்து வாங்குபவர் அந்தப் பெட்டிக்கும் சேர்த்துத்தான் விலை கொடுப்பார். அமெரிக்கப் பழைய கார் சங்கமான ஏஏசிஏவின் ஹெச்பிஓஎஃப் (அசல் அம்சங்களைப் பாதுகாத்த வண்டிகளுக்கான) பிரிவு போன்ற அசல்தன்மைப் போட்டிகளில் மதிப்பு பளபளப்புக்கு அல்ல, ஆலையில் பூட்டியது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கே.

வயலில் கிடந்தவை

மீதி 450 சொச்சம் வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏலச் சூட்டில் அவற்றுக்கும் உதிரிபாக விலையைத் தாண்டிப் பணம் விழுந்தது. நான்கு கதவு செடான் ஒன்றை முழுமையாகப் புதுப்பிக்க ஆயிரம் மணி நேர வேலை ஆகும் என்று வையுங்கள்; மணிக்கு 80 டாலர் கூலியிலேயே 80,000. தகடு, குரோமியம், சீட், கண்ணாடி தனி. வேலை முடிந்தபின் அந்த செடான் அதில் பாதியைக்கூடக் கொண்டுவராது. கதவு, கிரில், பம்பர், டாஷ்போர்டு என்று பிரித்து விற்கவோ, தன் கையாலேயே வேலை செய்து பொழுதைப் போக்கவோ நினைப்பவருக்கு மட்டும் அவை சரி.

ஓடாத வண்டியை ஓடாமலே வைத்துக்கொள்பவருக்கு இரண்டு செலவு மட்டும் மிஞ்சும். ஒன்று கொட்டகை: ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் நிலையாக நிற்க வேண்டும்; அதற்குக் கீழே போனால் டாஷ்போர்டும் சீட்டும் வெடிக்கும், 60ஐத் தாண்டினால் துரு. சக்கரம் தரையைத் தொடாமல் அச்சுக்குக் கீழே தாங்கு கொடுத்து நிறுத்துங்கள். ஃபிரேமில் கொடுத்தால் ஸ்பிரிங் தொங்கி ரப்பர் புஷ் கிழியும். மற்றது காப்பீடு. சாதாரண வாகனக் காப்பீடு சந்தை மதிப்பைத்தான் கொடுக்கும்; கொட்டகை எரிந்தால் 97,500க்கு வாங்கிய வண்டிக்கு ஒரு பழைய இம்பாலாவின் விலைதான் வரும். ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ வகைப் பாலிசிதான் வேண்டும். அதன் கோப்பில் ஏல ரசீது, எம்எஸ்ஓ நகல், தகட்டு எண்களின் படம், பெயின்ட் அளவீட்டுத் தாள் நான்கும் வண்டி நிற்கும் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.